மெர்சியா அக்காவுக்கு ஒரு கீசர்

ஒரு கீசர் வாங்க ஐந்து மாதம் எடுத்துக்கொண்ட குடும்பம் கேப் டவுன் பெல்வில் வட்டாரத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். விடுமுறையில் தங்குகிற கேரவனை வாங்கவே என் கணவர் ஆப்ரிக்கு ஒரு மத்தியானம்தான் பிடித்தது. யாரோ விற்கிறார்களாம், சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், அதை வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டே வந்து நின்றார். கல்யாணமான புதிது, நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது கல்யாணமாகி இருபத்தாறு வருடம் ஆகிறது, வாய் நன்றாகவே திறக்கிறது. கீசர் விஷயத்தில் உங்கள் மூக்கை நுழைக்காதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

ஏனென்றால் அந்தக் கீசர் எங்களுக்கு இல்லை, அவருடைய அக்கா மெர்சியாவுக்கு. ஆப்ரிக்குப் பதினொரு வயதில் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அவரை வளர்த்துப் படிக்கவைத்து ஆளாக்கியது அக்காதான். முப்பத்திரண்டு வருடம் நர்ஸ் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், வார்டில் நாற்பது பேரைப் பார்த்துக்கொள்கிறேன், வீட்டில் இன்னொன்று எதற்கு என்பார். யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கமாட்டார். கேட்காமல் கொடுத்தாலும் ஒரு மாதிரிதான் பார்ப்பார்.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஒன்பது நாள் சீடர்பெர்க் மலையடிவாரத்து ஓடைக்கரை முகாமுக்குப் போவோம். அதே ஓக் மரத்தடி, அதே இடம். எங்களைப் போன்ற நிறத்தவர்களுக்கு, வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த அந்த மாதிரி முகாம்களின் கேட் திறந்ததே தொண்ணூறுகளில்தான். திறந்த உடனே ஒரு பழைய கூடாரத்தையும் ஆப்ரியையும் இழுத்துக்கொண்டு போய் இடம் பிடித்தவர் அக்கா. அதற்குப் பிறகு அவர் இல்லாமல் ஒரு ஈஸ்டர்கூட நடந்ததில்லை. போன வருடம் திரும்பி வரும்போது, சிட்ரஸ்டால் பக்கம் ஆரஞ்சுத் தோட்டங்களைத் தாண்டுகையில், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கு இதான் கடைசி. அடுத்த வருஷம் நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

ஆப்ரி கியரை மாற்றினார். பின்னால் எங்கள் பெண்கள் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் விடிகாலையில் குளியலறைக் கட்டடத்தின் ஈரப்படியில் அக்கா வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால் துண்டு மட்டும் சுற்றிய கோலத்தில், பக்கத்து இடத்து ஆண்கள் இருவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலியை அக்கா ஒரு நாளில் மறந்தார், அதை மறக்கவில்லை.

கேரவனிலிருந்து அந்தக் கட்டடத்துக்கு அறுபது தப்படி நடக்க வேண்டும், அதுவும் இறக்கம். அக்காவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. போதாததற்குக் காலை ஐந்து மணிக்குக் குளித்தாக வேண்டும். நர்ஸ் பழக்கம், விட்டால் அன்றைய நாளே அவருக்கு ஓடாது. முகாம்காரர்கள் கூரையில் சூரியத் தகடு போட்டுவிட்டதால் ஐந்து மணிக்கு அங்கே மலைத்தண்ணீர் மலைத்தண்ணீராகவே வரும். மத்தியானம் யாருக்கும் தேவைப்படாத நேரத்தில் கொதிக்கும்.

முன்பெல்லாம் அப்படியில்லை. கட்டடத்துக்குப் பின்னால் செங்கல் அடுப்பின் மேல் ஒரு பெரிய இரும்புப் பீப்பாய் படுத்திருக்கும். அடியில் விறகு எரித்தால் எல்லாக் குழாயிலும் வெந்நீர். கேப் பக்கத்தில் அதற்குக் கழுதை என்று பெயர், ஏன் என்று யாரும் யோசித்ததில்லை. யார் முதலில் எழுந்தாலும் கழுதைக்குத் தீ மூட்டவேண்டும் என்பது முகாம் வழக்கம். முதலில் எழுவது எப்போதும் மெர்சியா அக்கா. நான் புதுப்பெண்ணாக வந்த வருடம், கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டே அவர் சுள்ளி உடைக்கிற சத்தத்தைக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் புகை வாசனை வந்தது. அப்புறம் அவர் குரல், வார்டில் நோயாளிகளை எழுப்புகிற அதே குரல்: "கழுதைக்குத் தீனி போட்டாச்சு, சோம்பேறிங்கல்லாம் எந்திரிங்க."

கைக்குழந்தைக்காரிகள் முதலில், அப்புறம் பிள்ளைகள், அப்புறம் பெண்கள். ஆண்கள் கடைசி, அவர்களுக்கு மிச்சம் இருந்தால் உண்டு. வரிசையை அவர்தான் நிறுத்துவார். தாண்டிப்போக ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. வெந்நீர் ஆவி வெளியே வரும், தலைமுடியெல்லாம் விறகுப்புகை மணக்கும், ஒருத்தி கையில் ஒருத்தியின் குழந்தை இருக்கும். அந்த வரிசையில்தான் நான் இந்த முகாமின் எல்லாப் பெண்களையும் தெரிந்துகொண்டேன். பாதிப்பேர் இப்போது இல்லை. சிலர் மண்ணுக்குள், சிலர் மகன்களோடு ஆஸ்திரேலியாவில். அந்தக் காலைநேரம் எனக்கு இன்னும் வேண்டும். அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று தெரியும். அக்காவையாவது கூட்டிக்கொண்டுபோக முடியாதா என்றுதான் எனக்கு.

நவம்பரில் அவர் வீட்டுக்குப் போய், டீ குடித்துக்கொண்டே பேச்சை எடுத்தேன். கேரவன் வாசலிலேயே வெந்நீர் வந்தால், படி ஏறி இறங்காமல் நம் கூடாரத்துக்குள்ளேயே குளிக்க முடிந்தால், வருவீர்களா? அவர் ரஸ்க்கை ரூய்போஸ் டீயில் நனைத்துத் தின்று முடித்தார்.

"ஒரு வருஷம் வரேன்," என்றார். "சரிப்பட்டுச்சுன்னா பாக்கலாம். சரிப்படலைன்னா அப்புறம் என்னைக் கூப்பிடக்கூடாது. நீயும் கூப்பிடக்கூடாது, அவனும் கூப்பிடக்கூடாது."

கை கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

ஆப்ரி முதலில் சொன்னது, கறுப்புப் பையில் தண்ணீர் நிரப்பி வெயிலில் தொங்கவிடலாம் என்பது. காலை ஐந்து மணிக்கு எந்த வெயில் என்று கேட்டேன். அடுத்து, கரண்டில் சூடாகிற சின்ன டாங்க். அது சூடாக அரைமணி நேரம் ஆகும், முகாமில் கரண்டும் அப்படி இப்படித்தான். மூன்றாவதாக, கராஜில் கிடக்கிற இரும்பு டிரம்மை அறுத்து நானே ஒரு குட்டிக் கழுதை செய்கிறேன் என்று கிளம்பினார். அவர் செய்த கோழிக்கூண்டு என்ன கதி ஆயிற்று என்பதை நினைவுபடுத்தினேன், டிரம் பழைய இடத்துக்குப் போயிற்று.

கடைசியில் கேஸ் கீசர்தான் என்று முடிவானது. குழாயைத் திறந்த உடனே தானாகப் பற்றி, ஓடுகிற தண்ணீரைச் சூடாக்கும், மூடினால் அணையும். டாங்க் கிடையாது, காத்திருக்க வேண்டாம். ஆனால் அதிலும் இருபது வகை. காற்றடித்தால் எது அணையும், எது அணையாது, பேட்டரியில் பற்றுவதா, தீக்குச்சி வேண்டுமா, எடை எவ்வளவு, எந்த சிலிண்டர் எத்தனை நாள் வரும். சாப்பாட்டு மேஜை முழுக்க விளம்பரத்தாள். எங்கள் பெரியவள் அதை ஒதுக்கித்தள்ளிவிட்டுச் சாப்பிடுவாள்.

முகாம் சாமான் விற்கிற ஃபௌசியாவின் கடைக்கு மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை அவள் இரண்டை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒன்று நிமிடத்துக்கு ஐந்து லிட்டர், சின்னது, பார்க்கவே ஏழையாக இருந்தது. மற்றது பத்து லிட்டர், வெள்ளி நிறம், முகப்பில் எண் மின்னுகிறது.

"யாருக்கு இது? எத்தனை பேர் குளிக்கப் போறீங்க?"

ஒருத்தர்தான், வயசானவங்க என்றேன்.

"அப்ப சின்னதே போதும். லேசாத் திறந்தாலே பத்திக்கும். பெரிசுக்குத் தண்ணி வேகமா வரணும். நூலாட்டம் விட்டா அது கண்ணையே திறக்காது."

அவள் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. மெர்சியா அக்காவுக்குச் சின்னதாக எதையும் வாங்குவதில்லை என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். முகாமே தூங்கும்போது எழுந்து எல்லோருக்கும் தீ மூட்டினவருக்கு ஐந்து லிட்டரா? பெரியதையே கட்டச்சொன்னேன். ஃபௌசியா தோளைக் குலுக்கிக்கொண்டு, கூடாரத்துக்கு வெளியேதான் மாட்டவேண்டும், உள்ளே மாட்டினால் கேஸ் புகையே ஆளைக் கொன்றுவிடும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். அதை மட்டும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுப் பின்கட்டில் சோதித்துப் பார்த்தோம். தோட்டத்துக் குழாயில் மாட்டி ஆப்ரி முழுவேகத்தில் திறந்தார். டப்பென்று பற்றியது, கண் சிமிட்டுவதற்குள் தண்ணீர் சுட்டு அவர் கையை உதறினார். நான் கைதட்டினேன். ஐந்து மாத ஆராய்ச்சி வீண்போகவில்லை என்று அன்றைக்கு எனக்கு ரொம்பவும் பெருமை.

பெரிய வியாழன் சாயங்காலம் முகாம் போய்ச் சேர்ந்தோம். கேரவனை நிறுத்தி, அதையொட்டிக் குளியல் கூடாரத்தை அடித்து, வெளிக்கம்பியில் கீசரை மாட்டி, தண்ணீர் இழுக்கிற பம்பை இணைத்து, அக்காவுக்குப் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டுவைத்தேன். மறுநாள் காலை ஐந்தரைக்கு அவர் தலையில் துண்டோடு வந்து உட்கார்ந்தார். உடம்பை இரண்டு கம்பளியால் போர்த்தியிருந்தார்.

எப்படி இருந்தது என்றேன். நன்றாக இருக்கிறது என்றார். அவ்வளவுதான். ஆனால் மெர்சியா அக்கா வாயில் நன்றாக இருக்கிறது என்று வந்தால் அது பெரிய விஷயம். என் சமையலுக்கே அந்த வார்த்தை கிடைக்கப் பத்து வருடம் ஆயிற்று.

புனித வெள்ளிக்கு மஞ்சளும் காடியும் வெங்காயமும் போட்டு மூன்று நாள் ஊறிய மீனை, சிலுவைக்குறி போட்ட பன்னோடு சாப்பிட்டோம். பாத்திரம் கழுவுகிற தொட்டியடியில் எந்தப் பெண் வந்தாலும் நான் கீசர் கதையை ஆரம்பித்துவிடுவேன். பத்து லிட்டர் என்பேன். மூன்றாம் நாள் என்னைப் பார்த்ததும் ஒருத்தி பாதிப் பாத்திரத்தோடு நகர்ந்துபோனாள். சனிக்கிழமையும் அக்கா நன்றாக இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரை ஆராதனை முடிந்து வந்தபோதும் அதையேதான் சொன்னார். மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது. மலைக்காற்று என்றார்.

அன்று மத்தியானம், இறைச்சி சுட அடுப்பு மூட்டும்போது ஆப்ரி கீசரின் கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார். வைத்தார். மறுபடியும் தூக்கினார்.

"ரோசல், இது கனமே குறையலையே. வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்கு."

நல்ல கீசர், கேஸ் கொஞ்சமாகத்தான் குடிக்கும் என்றேன். சொல்லிவிட்டு நானும் ஒரு தடவை தூக்கிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை விடியும்போது நான் எழுந்து, செருப்புச் சத்தம் கேட்காமல் கேரவனைச் சுற்றிக்கொண்டு போனேன். கூடாரத்துக்குள் அக்கா குளித்துக்கொண்டிருந்தார். கீசரின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே இருட்டு. ஒரு பொறிகூட இல்லை. தண்ணீர் விழுகிற சத்தம் நூலாகக் கேட்டது, நின்றது, மறுபடி நூலாகக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தார். கூடாரத்து அடியிலிருந்து வழிந்துவந்த தண்ணீரில் கையை வைத்தேன். ஐஸ்.

அவர் வெளியே வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டு நாற்காலியைத் தேடினார்.

"அக்கா, மூணு நாளா பச்சைத்தண்ணியிலயா குளிச்சீங்க?"

"நாலு. இன்னைக்கும் சேத்துக்க."

"ஏன் சொல்லல?"

அக்கா கம்பளியை இழுத்துப் போர்த்தினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் மேலா, என் மேலா, அந்த வெள்ளிநிற மிஷின் மேலா என்று தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மறுபடியும் கேட்டேன், குரல் உயர்ந்துவிட்டது.

"சொன்னா என்ன பண்ணுவ?" என்றார் அக்கா. "மிஷின் சரியில்லைன்னு கழட்டிப் போடுவ. அடுத்த வருஷம் ஆப்ரி வந்து, அக்கா உனக்குக் கஷ்டமா இருக்கும், வீட்டுலயே இருன்னு நல்ல மனசோட சொல்லுவான். நான்தானே சொன்னேன், சரிப்படலைன்னா கூப்பிடாதேன்னு. அந்த வாய்க்கு இது வேணும்." கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கு வரணும், ரோசல். வரலைன்னு சொன்னதெல்லாம் சும்மா. எனக்கு ஒவ்வொரு வருஷமும் வரணும்."

அழுதுவிட்டேன். இந்த மனுஷி எனக்கு இது வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஐந்து மாதம் விளம்பரத்தாளைப் படித்தேன், இவரை ஒரு நாள்கூடப் படிக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோளாறு மிஷினில் இல்லை என்றேன். குழாயை நீங்கள் முழுசாகத் திறக்கவில்லை, அதனால் அது பற்றவில்லை. அக்கா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"முழுசா எவ திறப்பா?"

அவர் கேட்டது நியாயம். கேப் டவுனில் சில வருடம் முன்பு வந்த அந்த வறட்சியைப் பார்த்த எந்தக் கையும் குழாயைப் பழையபடி திறப்பதில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது லிட்டர் என்று அரசாங்கம் சொன்ன காலம் அது. அலுமினியத் தொட்டிக்குள் நின்று குளித்தோம். நனைந்ததும் மூடு, சோப்புப் போடு, நூலாகத் திறந்து அலசு, தொட்டித் தண்ணீரைக் கக்கூஸுக்கு ஊற்று. ஐம்பதில் பாதியை மிச்சம் பிடித்துத் தெருவில் தலைநிமிர்ந்து நடந்தவர் அக்கா. அப்புறம் மழை பெய்தது, அணைகள் நிறைந்து வழிந்தன. கை மட்டும் திருந்தவில்லை. என் கையும்தான். கடையில் ஃபௌசியா சொன்னபோது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நம் வீட்டில் நூலாகத் திறக்காதவர் யார்?

இன்னொரு தடவை குளியுங்கள் என்றேன். ஒரே நாளில் இரண்டு தடவையா, பணக்காரி ஆகிவிட்டாயா என்றார். கையைப் பிடித்து எழுப்பி, கூடாரத்துக்குள் அனுப்பிவிட்டு வெளியே நின்றேன். குழாய் திறக்கும் சத்தம். கீசருக்குள் இருட்டு.

"இன்னும் திறங்க அக்கா."

"திறந்துட்டேன்."

"இன்னும்."

"போதும்டி, ஓடை வத்திடும்."

கூடாரத்து ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் உள்ளே விட்டேன். அவருடைய ஈரக்கை குழாயின் மேலேயே இருந்தது, ஐஸ்கட்டியாக. அந்தக் கையோடு சேர்த்துக் கடைசிவரை திருகினேன். பம்பு உறுமியது. கீசர் டப்பென்று பற்றி, கண்ணாடிக்குள் நீலமாக எரிந்தது.

உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம். கூடாரத்தின் மேல்விளிம்பிலிருந்து ஆவி கிளம்பி ஓக் மரத்துக்கிளையைத் தொட்டது. அந்தப் பக்கம் காபி கெண்டியோடு வந்த ஆப்ரியைக் கையைக் காட்டி நிறுத்தினேன். அவர் ஆவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கெண்டியைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சூடு போதுமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் ஆயிற்று. அவர் ஒரு தடவைகூட மூடவில்லை.

"ரோசல்."

"என்னக்கா?"

"உள்ள வா. முதுகுக்குக் கை எட்டல." தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் சின்னதாகக் கேட்டது. "ரெண்டு வருஷமா எட்டல. அந்தக் கட்டடத்துல அத்தனை பேர் நடுவுல யாரைக் கேப்பேன்?"

நான் ஜிப்பை முழுக்க இறக்கினேன். எத்தனையோ பேரைப் படுக்கையில் புரட்டித் துடைத்துவிட்ட அந்தப் பெரிய மனுஷி, சோப்பை எனக்கு நீட்டிவிட்டு மறுபக்கம் திரும்பி நின்றார். ஸ்வெட்டரும் செருப்புமாகவே உள்ளே போனேன்.